குருதி உறைவும் குடும்ப மரபும்

காயம் பட்ட இடத்தில் சில நிமிடங்களுக்குள் உறைய வேண்டும், உடைபடாத குழாய்களுக்குள் ஆயுள் முழுவதும் உறையாமல் ஓட வேண்டும் என்ற இரட்டைக் கடமை மனிதக் குருதிக்கு உண்டு. முதல் கடமை தவறினால் குருதிப்போக்கு நோய்கள் தோன்றுகின்றன. இரண்டாவது தவறினால் காயமே இல்லாத இடத்தில் குருதி கட்டியாக உறைந்துவிடுகிறது. உடலின் பல பகுதிகளிலிருந்தும் குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களான சிரைகளில், குறிப்பாகக் காலின் தசைகளுக்கு நடுவே ஆழத்தில் செல்லும் சிரைகளில், இவ்வாறு உறைவதே ஆழ்சிரை உறைவு எனப்படுகிறது. அந்தக் கட்டியின் ஒரு துண்டு பிய்ந்து, குருதியோட்டத்தோடு இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரலின் தமனியை அடைத்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகவும் கூடும். மேலை நாடுகளின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இந்நோய் வருகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென மூச்சுத் திணறுவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது ஆகியவை உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்.

இந்நோயின் காரணங்களைப் பற்றிய சிந்தனை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோவிடமிருந்து தொடங்குகிறது. நுரையீரல் தமனியில் காணப்படும் கட்டி அங்கேயே உருவானதன்று, காலின் சிரைகளிலிருந்து வந்து சேர்ந்தது என்று நிறுவியவர் அவரே. குருதியோட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் பழுதுபடுவது, குருதியின் இயல்பே மாறுவது என்று உறைவுக்கு மூன்று வழிகளை இன்றைய பாடநூல்கள் அவர் பெயரால் குறிப்பிடுகின்றன. படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்கும், எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவருக்கும், பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் உறைவு வருவதை முதல் இரண்டு வழிகளும் ஓரளவு விளக்கின. மூன்றாவது வழி மட்டும் ஏறத்தாழ நூறாண்டுகள் வெறும் சொல்லாகவே இருந்தது. குருதியில் எது மாறுகிறது, எப்படி மாறுகிறது என்று சொல்வதற்கான வேதியியல் அறிவு அப்போது இல்லை.

அதைப் புரிந்துகொள்ள, குருதி உறையும் முறையைச் சற்றே அறிந்துகொள்வது அவசியம். குருதி நீர்மத்தில் செயலற்ற நிலையில் மிதந்துகொண்டிருக்கும் பல புரதங்கள், காயம் ஏற்பட்டவுடன் ஒன்றையொன்று வரிசையாகத் தூண்டிவிட்டு, முடிவில் த்ரோம்பின் என்ற நொதியை உண்டாக்குகின்றன. அந்த நொதி ஃபைப்ரினோஜென் என்ற கரைந்த புரதத்தை இழைகளாக மாற்ற, இழைகள் வலையாகப் பின்னிக் குருதியைக் கட்டியாக்குகின்றன. இவ்வரிசை தொடங்கிய பின் தானாக நிற்பதில்லை என்பதால் உடல் அதற்குத் தடுப்புகளையும் படைத்து வைத்திருக்கிறது. ஆன்டித்ரோம்பின் என்ற புரதம் த்ரோம்பினைப் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. இன்னொரு தடுப்பு இதைவிட நுட்பமானது: பழுதில்லாத குழாய்ச் சுவரைத் தொடும் த்ரோம்பின், அங்குள்ள த்ரோம்போமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்தவுடன் தன் குணத்தையே மாற்றிக்கொண்டு, புரதம் சி என்பதைத் தூண்டிவிடுகிறது; அதுவோ புரதம் எஸ் என்பதைத் துணையாகக் கொண்டு, உறைவை விரைவுபடுத்தும் ஐந்தாம் காரணியையும் எட்டாம் காரணியையும் வெட்டி அழிக்கிறது. உறைவை உண்டாக்கும் பொருளே உறைவை நிறுத்தும் ஆணையையும் பிறப்பிக்கிறது என்பது உடலியலின் வியக்கத்தக்க ஏற்பாடுகளில் ஒன்று.

இத்தடுப்புகளில் ஒன்று பிறவியிலேயே குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் விடை நார்வேயிலிருந்து வந்தது. ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்குச் சிரை உறைவு வருவதைக் கவனித்த ஓலாவ் ஈகெபெர்க், அவர்களின் குருதியில் ஆன்டித்ரோம்பின் இயல்பான அளவில் ஏறத்தாழப் பாதியே இருப்பதை 1965இல் வெளியிட்டார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாகப் பெறும் இரு மரபணுக்களில் ஒன்று பழுதானால் புரதத்தின் அளவு பாதியாகிறது. அந்தப் பாதி அளவே நோய்க்கு வழி திறக்கப் போதுமானதாக இருக்கிறது. 1981இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கிரிஃபினும் உடனிருந்தோரும் புரதம் சி குறைந்த ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். 1984இல் புரதம் எஸ் குறைந்த குடும்பங்களும் அறியப்பட்டன. இரு மரபணுக்களும் பழுதாகிப் புரதம் சி அறவே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோலின் சிறு குழாய்களெல்லாம் உறைந்து, உடலில் கருநீலத் திட்டுகள் பரவுகின்றன. புரதம் சி-யை வெளியிலிருந்து செலுத்தினாலொழிய அக்குழந்தைகள் பிழைப்பது அரிது. ஒரு புரதம் உடலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இம்மூன்று குறைபாடுகளும் அரியவை. சிரை உறைவால் மருத்துவமனைக்கு வருவோரில் பத்தில் ஒருவரிடம்கூட இவற்றைக் காண முடியவில்லை. குடும்பத்தில் பலருக்கு உறைவு வந்திருந்தும் காரணம் தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களே பெரும்பான்மையோர். இந்நிலையில் ஸ்வீடனின் மால்மோ நகரில் பணியாற்றிய, லுண்ட் பல்கலைக்கழகத்தின் பியோர்ன் டால்பெக், அத்தகைய ஒரு நோயாளியின் குருதி நீர்மத்தை எடுத்து எளிமையான ஒரு சோதனையைச் செய்தார். செயலூக்கம் பெற்ற புரதம் சி-யை ஆரோக்கியமான ஒருவரின் குருதி நீர்மத்தில் கலந்தால், அது ஐந்தாம், எட்டாம் காரணிகளை அழித்துவிடுவதால், உறைய எடுத்துக்கொள்ளும் நேரம் நீள வேண்டும். அந்த நோயாளியின் குருதி நீர்மத்திலோ எவ்வளவு கலந்தும் நேரம் எதிர்பார்த்தபடி நீளவில்லை. தடுப்புப் புரதங்கள் அனைத்தும் சரியான அளவில் இருந்தும் தடுப்பு வேலை செய்யவில்லை என்பதே இதன் பொருள். புரதம் சி-க்கு எதிரான இந்த எதிர்ப்புத்தன்மை குடும்ப வழியாக இறங்குவதையும் கண்டு, டால்பெக் 1993இல் அதை வெளியிட்டார். அதுவரை ஆய்வாளர்கள் புரதத்தின் அளவை அளந்து கொண்டிருந்தார்கள். புரதம் செயல்படுகிறதா என்று சோதிக்கத் துணிந்ததுதான் அவருடைய சாதனை.

அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் ரோஹீர் பெர்டினாவின் குழு இதன் மரபணுக் காரணத்தைக் கண்டறிந்தது. பழுது புரதம் சி-யில் இல்லை, அது வெட்ட வேண்டிய ஐந்தாம் காரணியில் இருந்தது. அக்காரணியை எழுதும் மரபணுவில் 1691ஆம் எழுத்தாக இருக்க வேண்டிய குவானைன் அடினைனாக மாறியிருந்தது. அதனால் புரதச் சங்கிலியின் 506ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதிலாகக் குளூட்டமைன் வந்து அமர்ந்தது. புரதம் சி முதலில் வெட்டும் இடம் அந்த 506ஆம் இடமே. அங்கே வெட்ட முடியாததால் ஐந்தாம் காரணி ஏறத்தாழப் பத்து மடங்கு மெதுவாகவே அழிகிறது. அந்த நேரமெல்லாம் த்ரோம்பின் உற்பத்தி தொடர்கிறது. மாற்றம் பெற்ற இக்காரணிக்குக் கண்டறியப்பட்ட நகரின் பெயரே சூட்டப்பட்டு, உலகெங்கும் அது ஐந்தாம் காரணி லைடன் என்றே வழங்குகிறது. 1996இல் அதே நகரத்தவர் த்ரோம்பினின் முன்வடிவான புரோத்ரோம்பினின் மரபணுவிலும் 20210ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டார்கள். அது உறைவின் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது.

லைடன் மாற்றம் அரிய நோய்க்குறியன்று. ஐரோப்பிய வழியினரில் நூற்றுக்கு மூவர் முதல் எட்டுப் பேர் வரை அதைத் தாங்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் அது மிக அரிது. இந்தியாவில் ஐரோப்பாவைவிடக் குறைவு. இதைத் தாங்கியோர் அனைவரும், ஏறத்தாழ 21,000 முதல் 34,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து இதைப் பெற்றார்கள் என்று மரபணுவின் சுற்றுப்புற எழுத்துகளை ஒப்பிட்டவர்கள் கணித்துள்ளனர். தீங்கு செய்யும் மாற்றம் இத்தனை தலைமுறைகள் ஏன் நிலைத்தது என்ற கேள்விக்கு மகப்பேற்றை விடையாகக் காட்டுவோர் உண்டு: ஸ்வீடனில் நடந்து 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இம்மாற்றம் உள்ள பெண்கள் பிரசவத்தின்போது குறைவாகவே குருதி இழந்தது காணப்பட்டது. பிள்ளைப்பேற்றில் குருதிப்போக்கால் தாய்மார் இறப்பது சாதாரணமாக இருந்த நெடுங்காலத்தில் விரைவில் உறையும் குருதி ஒரு பேறாகவே இருந்திருக்கக் கூடும். ஐரோப்பியருக்குரிய இந்த மாற்றம் இல்லாத மக்களிடம் வேறு மாற்றங்கள் உள்ளன. ஜப்பானியரில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் புரதம் எஸ்-இல் தொக்குஷிமா எனப்படும் மாற்றத்தைத் தாங்கியுள்ளனர். ஓர் இனத்தாரிடம் செய்த மரபணுச் சோதனைப் பட்டியலை அப்படியே மற்றோர் இனத்தாருக்குப் பயன்படுத்துவது பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

மரபணுவைக் கண்டுபிடித்தது பெரிய செயலே. ஆனால் அது ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து விளைவிக்கும் என்பதைக் குடும்பங்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனெனில் நோய் மிகுந்த குடும்பங்களே மருத்துவரின் கண்ணில் படுகின்றன. அந்தக் குறையைப் போக்கியதும் லைடன் நகரமே. நெதர்லாந்தில் உறைவெதிர் மருந்து உண்போர் அனைவரையும் வட்டார வாரியாகக் கண்காணிக்கும் நிலையங்கள் அப்போது இருந்ததால், நோயாளிகளைத் தெரிந்தெடுக்காமல் ஒட்டுமொத்தமாகச் சேர்க்க முடிந்தது. ஃபிரிட்ஸ் ரோசண்டால், யான் ஃபாண்டென்புரூக், பெர்டினா ஆகியோர், முதல் முறையாக ஆழ்சிரை உறைவு கண்ட 474 பேரையும், அதே வயதும் பாலும் உடைய நலமான 474 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் லைடன் மாற்றம் இருந்தது; நலமானவர்களில் நூற்றுக்கு மூவரிடம் இருந்தது. ஒரு மரபணு மட்டும் மாறியவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்காகவும், இரண்டும் மாறியவருக்கு 80 மடங்காகவும் கணக்கிடப்பட்டது. இரண்டாவது எண்ணைப் பிற்கால ஆய்வுகள் கணிசமாகக் குறைத்துள்ளன.

அந்த ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி, மரபும் வாழ்க்கைச் சூழலும் சேரும்போது நிகழ்வதை அளந்ததாகும். கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜென் உறைவுக் காரணிகளைக் கூட்டித் தடுப்புகளைத் தளர்த்துகிறது என்பது முன்பே தெரியும். 1994இல் வெளியான கணக்கின்படி, இளவயதுப் பெண்கள் 10,000 பேரில், மாத்திரையும் மரபணு மாற்றமும் இல்லாதவர்களிடையே ஓராண்டில் உறைவு காண்பவர் ஒருவருக்கும் குறைவு, அதாவது 0.8, மாத்திரை மட்டும் உண்போரில் 3, லைடன் மாற்றம் மட்டும் உள்ளோரில் 5.7, இரண்டும் உள்ளோரில் 28.5. இரு காரணங்களும் கூட்டலாகச் சேரவில்லை, பெருக்கலாகச் சேர்ந்தன என்பது இங்கே முதல் உண்மை. 0.8-ஐ 28.5 உடன் ஒப்பிட்டு 35 மடங்கு என்று கேட்டால் நடுங்கச் செய்யும் அதே எண்ணிக்கை, 10,000 பேரில் ஏறத்தாழ 9,970 பேருக்கு அவ்வாண்டில் ஒன்றும் நேரவில்லை என்பதையும் சொல்கிறது என்பது இரண்டாவது உண்மை. மடங்குகளை மட்டும் சொல்லி அடிப்படை எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது மருத்துவச் செய்திகளில் பெருங்குற்றம் என்றே கருத வேண்டும்.

அந்தக் குற்றத்தின் விளைவைப் பிரிட்டன் 1995இல் கண்டது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் பழைய வகையைவிட உறைவின் ஆபத்தை இருமடங்காக்குகின்றன என்று அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு அக்டோபரில் அவசரமாக எச்சரித்தது. ஏறத்தாழ 7,000 பேரில் ஒருவர் என்பது 7,000 பேரில் இருவர் ஆனதே அந்த இருமடங்கு. நாளிதழ்களில் செய்தி பரவியதும் பல்லாயிரம் பெண்கள் மாத்திரையை நடுவில் நிறுத்தினார்கள். விரும்பாத கருத்தரிப்புகள் பெருகி, அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று மதிப்பிடப்பட்டது. கருவுற்றிருப்பதே எந்த மாத்திரையையும்விட உறைவுக்கு அதிக இடமளிக்கும் நிலை என்பதை நினைத்தால், எச்சரிக்கை காக்க நினைத்தவர்களையே கூடுதலான ஆபத்துக்குள் தள்ளியது என்பது விளங்கும்.

மரபணு மாற்றத்தைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் உறைவே காணாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். 1987இல் அமெரிக்காவில் குருதிக் கொடையாளர்களைச் சோதித்தபோது, புரதம் சி குறைந்தும் தாமும் குடும்பத்தாரும் எந்த உறைவும் இன்றி நலமாக இருப்போர் எதிர்பாராத அளவில் காணப்பட்டது இதற்கு முன்னறிகுறி. மரபுக் குறை ஒன்று அடியில் இருக்க, வயது, உடற்பருமன், அறுவை சிகிச்சை, புற்றுநோய், நெடுநேரம் அசையாமல் இருப்பது, ஹார்மோன் மருந்து, கருவுறுதல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ ஒரே காலத்தில் வந்து சேரும்போதுதான் சிரை உறைகிறது என்ற கருத்து இன்று நிலைபெற்றுள்ளது. உலகில் மிகப் பரவலான மரபுக் காரணம் எது என்று கேட்டால், அது குருதி வகையே என்பது பலருக்கு வியப்பளிக்கும்: ஓ வகை அல்லாதவர்களின் குருதியில் எட்டாம் காரணியும் அதைத் தாங்கிச் செல்லும் வான் வில்லபிராண்ட் காரணியும் மிகுந்திருப்பதால், அவர்களுக்கு உறைவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. ஏ, பி வகையினர் எவரும் அதற்காகத் தம்மை நோயாளி என்று எண்ணிக்கொள்வதில்லை, எண்ணவும் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி பேறுகாலத்தைப் பற்றியது. கருவுற்ற பெண்ணின் உடல், பிரசவத்தின் குருதிப்போக்கை எதிர்நோக்கி உறைவுக் காரணிகளைக் கூட்டிப் புரதம் எஸ்-ஐக் குறைத்துக்கொள்கிறது. பிள்ளை பிறந்த பின் வரும் ஆறு வாரங்களில் உறைவின் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. மூளையின் சிரைகள் உறைந்து, கடுந்தலைவலியும் வலிப்பும் கண்டு வரும் பிள்ளைபெற்ற பெண்களை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகவே விவரித்துள்ளார்கள். குருதிச்சோகை, தொற்று ஆகியவற்றோடு உடலில் நீர் வற்றியதையும் அவர்கள் காரணமாகக் குறித்தார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பத்தியம் இன்னும் சில வீடுகளில் தொடர்கிறது. அன்பினால் செய்யப்படும் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிடுவதே தாய்க்கு நல்லது. போதிய நீரும், மருத்துவர் சொன்னபடி விரைவில் எழுந்து நடப்பதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

மரபணுச் சோதனையை யார் செய்துகொள்வது என்ற கேள்விக்கும் லைடன் குழுவே எதிர்பாராத விடையை அளித்தது. முன்பு சேர்த்த அதே 474 நோயாளிகளைச் சராசரியாக ஏழாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், 90 பேருக்கு உறைவு மீண்டும் வந்திருந்தது. ஆனால் லைடன் மாற்றம் உள்ளவர்களிடையே அது 1.2 மடங்கு மட்டுமே, அதாவது இல்லாதவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை சிகிச்சை போன்ற தெளிவான தூண்டுதலால் முதல் உறைவு வந்ததா, காரணமின்றி வந்ததா என்பதே எதிர்காலத்தைச் சிறப்பாகக் காட்டியது. மருந்தை எத்தனை காலம் உண்பது என்ற முடிவைச் சோதனை பெரும்பாலும் மாற்றுவதில்லை என்பதால், உறைவு கண்ட ஒவ்வொருவருக்கும் முழுச் சோதனை செய்யும் பழக்கத்தைப் பல நாட்டு வழிகாட்டு நெறிகள் இன்று ஊக்குவிப்பதில்லை. இளவயதில் உறைவு கண்டவர்கள், குடும்பத்தில் ஆன்டித்ரோம்பின் போன்ற கடுமையான குறை அறியப்பட்டவர்கள், வயிறு, மூளை போன்ற அரிய இடங்களில் உறைவு வந்தவர்கள் ஆகியோரின் நிலை வேறு. சோதனை செய்தாலும் காலம் அறிந்து செய்ய வேண்டும்: உறைவு புதிதாக இருக்கும்போது தடுப்புப் புரதங்கள் செலவாகிக் குறைந்திருக்கும், உறைவெதிர் மருந்தான வார்ஃபரின் உண்போரிடம் புரதம் சி-யும் எஸ்-உம் குறைந்தே காணப்படும், கருவுற்றவரிடம் புரதம் எஸ் இயல்பாகவே குறைந்திருக்கும். இவற்றை மறந்து எடுத்த ஒரு சோதனைத் தாளை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் பரம்பரை நோயாளி என்ற பெயரைச் சுமப்போர் உண்டு.

மருந்துகளும் இந்த அறிவோடு சேர்ந்தே வளர்ந்தன. ஹெப்பாரின் என்பது ஆன்டித்ரோம்பினின் வேகத்தைப் பன்மடங்காக்கும் பொருள். ஆகவே அப்புரதம் குறைந்தவரிடம் அது சில வேளைகளில் சரியாக வேலை செய்வதில்லை. வார்ஃபரின், வைட்டமின் கே-யின் உதவியோடு உருவாகும் காரணிகளைக் குறைக்கிறது. ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், டபிகட்ரான் போன்ற புதிய மருந்துகள் ஒரே ஒரு காரணியை நேராகத் தடுப்பதால் அடிக்கடி குருதிச் சோதனை வேண்டுவதில்லை. ஆனால் இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: உறைவைத் தடுக்கும் அளவுக்கு அவை குருதிப்போக்குக்கும் இடமளிக்கின்றன.

இக்குறையைக் கடக்கும் வழியை ஆய்வாளர்கள் மறுபடியும் குடும்பங்களிடமே தேடினார்கள். உறைவுக் காரணிகளில் ஒன்றான பதினோராம் காரணி பிறவியிலேயே மிகக் குறைந்தவர்கள், குறிப்பாக ஐரோப்பிய யூத வழியினரில் காணப்படுபவர்கள், அறுவை சிகிச்சையின்போது சற்று மிகையாகக் குருதி இழப்பதல்லாமல் தாமாகக் குருதி கொட்டுவது அரிது. சிரை உறைவோ அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது. பதினோராம் காரணி மிகுந்தவர்களுக்கு உறைவு ஏறத்தாழ இருமடங்கு என்று லைடன் ஆய்வும் காட்டியிருந்தது. இவ்விரண்டையும் இணைத்து, கல்லீரலில் அக்காரணி உருவாவதையே குறைக்கும் ஒரு மருந்தை முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. 300 பேரிடம் நடந்த அதில், வழக்கமான ஹெப்பாரின் வகை மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 30 பேரிடம் உறைவு காணப்பட, உயர் அளவில் புதிய மருந்து பெற்றோரில் நூற்றுக்கு நால்வரிடமே காணப்பட்டது, குருதிப்போக்கும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்குப் பக்கவாதத்தைத் தடுக்க இதே காரணியைக் குறிவைத்த அசுண்டெக்ஸியான் என்ற மாத்திரை அபிக்ஸபானுக்கு ஈடாகாமல் போகவே, அந்தப் பெரிய ஆய்வு 2023 நவம்பரில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. சிரையில் உண்டாகும் கட்டிக்கும் இதயத்தின் மேலறையில் உண்டாகும் கட்டிக்கும் பதினோராம் காரணி ஒரே அளவில் தேவைப்படுகிறதா என்ற கேள்வி அதன் பின் எழுந்துள்ளது; உறைவும் குருதிப்போக்கும் ஒருங்கே அச்சுறுத்தும் புற்றுநோயாளிகளிடம் அக்காரணியைத் தடுக்கும் அபெலாசிமாப் என்ற எதிர்ப்புரத ஊசி தனியே சோதிக்கப்பட்டு வருகிறது.